அண்ணி குடித்த கள்ளத் தேநீர்

எங்கள் தேயிலை ஊரான சாயெலியில் என் அண்ணி ஸெக்கியேவை வீட்டுக்குக் கூப்பிடுகிறவர்கள், முதலில் கெட்டிலைப் பளபளவென்று தேய்த்து வைத்துவிட்டுத்தான் கூப்பிடுவார்கள். வந்து உட்கார்ந்ததும் கிளாஸை விளிம்பில் பிடித்துத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் காட்டிப் பார்ப்பாள். முயல் ரத்தம் போலச் சிவப்பு தெரிய வேண்டும். கொஞ்சம் வெளிறியிருந்தால் போச்சு. "என்னடி, தேயிலைக்குக் காய்ச்சலா?" என்று வீட்டுக்காரியை எல்லோர் முன்னாலும் கேட்பாள்.

ஒருமுறை துக்கம் விசாரிக்கப் போன வீட்டில், புருஷனைப் பறிகொடுத்தவளைக் கட்டிப்பிடித்து அழுதுகொண்டே, "அழு, அழு, ஆனா முதல்ல யாராவது அந்த அடுப்பைத் தணிங்க, டீ தீயுது" என்றாள். நான் வெட்கத்தில் தலைகுனிந்து நின்றேன். அந்தப் பெண்ணோ கண்ணைத் துடைத்துக்கொண்டு, தானே எழுந்து போய் அடுப்பைத் தணித்துவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து அழுதாள். அண்ணியோடு பழகியவர்கள் அப்படித்தான் ஆகிவிடுவார்கள்.

அவள் டீ வைக்கும் முறை எங்கள் பக்கத்து முறைதான். ஆனால் அவளுக்கு அது மார்க்கக் கடமை மாதிரி. கீழ்க் கெட்டிலில் தண்ணீர் கொதிக்கும்போது அதன்மேல் உட்கார்த்திய சின்னக் கெட்டிலில் காய்ந்த இலை ஆவியில் மெல்லச் சூடாக வேண்டும். அப்புறம் தண்ணீரை ஊற்றிச் சின்னத் தீயில் வைத்து, ஒரு தொழுகை முடிகிற நேரம் யாரும் அதைத் தொடக்கூடாது. இலை மே மாதத்து முதல் பறிப்பாக இருக்க வேண்டும். சர்க்கரை கூடவே கூடாது. நான் இரண்டு கட்டி போட்டுக் கலக்குகிறவள். "நீ டீ குடிக்கலை நெரிமான், ஷர்பத் குடிக்கிறே" என்று கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என்னை ஏசுகிறாள். நாத்தனார் என்கிற மரியாதையெல்லாம் கெட்டில் பக்கத்தில் செல்லாது.

ஆனால் அந்த இலைக்காக அவள் பட்டதையும் சொல்ல வேண்டும். வீட்டுக்குப் பின்னால் செங்குத்தாக ஏறும் சரிவில் எங்கள் தோட்டம். மழையோ பனிமூட்டமோ, பை கட்டிய கத்தரியால் இலையை வெட்டி, மூட்டையை முதுகில் கட்டிக்கொண்டு, வழுக்கும் படிகளில் இறங்கிக் கொள்முதல் கொட்டகைக்குப் போவாள். என் அண்ணனுக்கு இடுப்பு வலி. அது எந்த மாதத்தில் வரும் என்று கேட்கவே வேண்டாம், பறிப்பு தொடங்கும் மாதத்தில் வரும்.

ஒரு வருடம் கொட்டகையில் இலை வாங்குவதை நிறுத்தி வைத்தார்கள். வரிசையில் கிடந்த மூட்டைகள் உள்ளுக்குள்ளேயே சூடேறி, இலையெல்லாம் கறுத்துப்போனது. அண்ணி மூட்டைக்குள் கையை விட்டுப் பார்த்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். யாரோ ஒருவர், "கிழக்கே எல்லாம் கள்ளத் தேயிலை குடிக்கிறான், நம்ம இலையை யாரு வாங்குவான்?" என்றார். இலங்கை மலைகளில் பறித்த இலை அது. ஒரு காலத்தில் எல்லை தாண்டிக் கழுதை முதுகில் வந்ததால் அந்தப் பெயர். இப்போது கடையில் ரசீது போட்டு வாங்கினாலும் அது கள்ளத் தேயிலைதான். அண்ணி எழுந்து நின்று, கொட்டகையே கேட்க, "என் உசிரு இருக்கிறவரைக்கும் அந்தச் சாயத் தண்ணி என் தொண்டையில இறங்காது" என்று சத்தியம் செய்தாள். அன்றிலிருந்து எங்கே மோசமான டீ கிடைத்தாலும் அவளுக்கு அது கள்ளத் தேயிலை. உண்மையான கள்ளத் தேயிலையை அவள் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

அவளுடைய ஒரே மகன் இல்யாஸுக்கு வாத்தியார் வேலை கிடைத்தது. அரசாங்கம் போட்ட ஊர் பிட்லிஸ். கிழக்கே, மலைகளுக்கு நடுவே, கல் வீடுகளும் குளிரும் உள்ள ஊர். பிட்லிஸில் குழந்தைக்குப் பல் முளைக்கும் முன்பே கள்ளத் தேயிலையின் ருசி தெரிந்துவிடும் என்பார்கள். போன இரண்டாம் வருடமே பையன் அம்மாவுக்குப் போன் செய்தான். கூடப் படிப்பிக்கிற ஸோஸான் என்ற பெண்ணைப் பிடித்திருக்கிறது, வந்து கேளுங்கள் என்றான். குர்துக் குடும்பம். அண்ணி "பொண்ணு எப்படி?" என்று கேட்கவில்லை. "டீக்குச் சர்க்கரை போடுவாளா?" என்றுதான் கேட்டாள்.

நாங்கள் கிளம்பும் முன் இல்யாஸ் ஒரு பாடமே நடத்தினான்.

"அம்மா, நல்லாக் கேட்டுக்க. அவங்கப்பா ஹமித் மாமாவுக்குச் சம்மதம். பெஸ்னா அம்மாதான் இழுத்துக்கிட்டு இருக்காங்க. பொண்ணைத் தூரமாக் குடுக்க மனசு வரலை. அவங்க வேண்டாம்னா அந்த வீட்ல வேண்டாம்தான். நீ அங்க போய் டீயைப் பத்தி வாயைத் திறக்காதே."

"ஊத்தினா?"

"குடி."

"கள்ளத் தேயிலையா இருந்தா?"

"அம்மா, உனக்கு நான் வேணுமா, சத்தியம் வேணுமா?"

அண்ணி பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வழி முழுக்க முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். நான் துஆ ஓதுகிறாள் என்று நினைத்தேன். காதைக் கொடுத்துக் கேட்டால், "ஒரு கிளாஸ்... ஒரே ஒரு கிளாஸ்... அல்லா மன்னிப்பான்" என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

ஹமித் வீட்டில் எங்களை வாசல்வரை வந்து கூட்டிப்போனார்கள். மனிதர் நெட்டையாக, மீசையோடு, சிரித்த முகமாக இருந்தார். பெஸ்னா குள்ளம். வெள்ளை முக்காடு. கையைக் கொடுத்தாள், முகத்தைக் கொடுக்கவில்லை. ஸோஸான் வந்து எங்கள் கைகளை முத்தமிட்டு நெற்றியில் வைத்துக்கொண்டாள். நல்ல லட்சணம். நெற்றியில் படும் முன்பே அண்ணிக்குப் பிடித்துவிட்டது, எனக்குத் தெரியும். அவள் கண் ஈரமானால் மூக்கை உறிஞ்சுவாள்; அப்போதும் உறிஞ்சினாள்.

பெண் கேட்கும் பேச்சை வீட்டுப் பெரிய ஆண்தான் எடுக்க வேண்டும். அண்ணன் தொண்டையைச் செருமினார். வானிலையைப் பற்றிப் பேசினார். மறுபடி செருமி, பாதையைப் பற்றிப் பேசினார். அதற்குள் டீத் தட்டோடு பெஸ்னா வந்துவிட்டாள். தட்டில் இடுப்பு ஒடுங்கிய கிளாஸ்கள், பக்கத்தில் கல் போன்ற சர்க்கரை. அங்கே அதைக் கடித்து வாயில் அடக்கிக்கொண்டுதான் டீயை உறிஞ்சுவார்கள்.

அண்ணி கிளாஸை எடுத்தாள். பழக்கம் விடுமா? கை தானாக ஜன்னல் பக்கம் போனது. இல்யாஸ் இருமினான். கையை இறக்கிக்கொண்டாள். பிஸ்மில்லா சொல்லி ஒரு மடக்கு குடித்தாள்.

நானும் குடித்தேன். இரண்டு கட்டி சர்க்கரையையும் மீறிக் கசந்தது. பழைய துடைப்பத்தை ஊறப்போட்ட தண்ணீர் போல இருந்தது. நான் விழுங்கிவிட்டுச் சிரித்தேன். என் அண்ணனும் சிரித்தார். அண்ணியின் முகம் மட்டும் சுருங்கிச் சுருங்கி, காய்ந்த பேரிக்காய் ஆனது. பிறகு அவள் ஒரு காரியம் செய்தாள். கரண்டியை எடுத்துக் கிளாஸின் வாய்மேல் குறுக்கே படுக்க வைத்தாள்.

வயிறு நிறையக் குடித்துவிட்டு, இனி ஊற்ற வேண்டாம் என்பதற்கு நாங்கள் எல்லோரும் செய்வதுதான் அது. ஆனால் முதல் கிளாஸிலேயே, அதுவும் பாதிக் கிளாஸில், அதுவும் பெண் கேட்க வந்த வீட்டில் கரண்டியைப் படுக்க வைத்தால், உங்கள் சம்பந்தமே வேண்டாம் என்றுதான் பொருள் என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும். வாசற்படியில் நின்ற ஸோஸான் இல்யாஸைப் பார்த்தாள். இல்யாஸ் தரையைப் பார்த்தான்.

"டீ பிடிக்கலையா?" என்றாள் பெஸ்னா.

நான் அண்ணியின் தொடையைக் கிள்ளினேன். பலமாகவே கிள்ளினேன்.

"குத்தமாச் சொல்றேன்னு நினைக்காதீங்க," என்று அண்ணி ஆரம்பித்தபோதே நான் இன்னொரு கிள்ளு கிள்ளினேன். "எங்களுக்குக் கள்ளத் தேயிலை பழக்கமில்லை. கேள்விப்பட்டிருக்கேன். ஆனா இம்மாம் மோசமா இருக்கும்னு நினைக்கலை. இதை எப்படித்தான் தினம் குடிக்கிறீங்களோ, பாவம்!"

அந்தப் 'பாவம்' வேறு. யாரும் கேட்டார்களா அதை?

ஹமித் மீசையைத் தடவினார். வருத்தமாக, மிக மெதுவாகச் சொன்னார். "அக்கா, அது கள்ளத் தேயிலை இல்லீங்க. உங்க ஊர்த் தேயிலை. உங்களுக்கு அதுதான் பிடிக்கும்னு தம்பி சொன்னாரு. இங்க யாரும் அதை விக்கிறதில்லை. கடை கடையா ஏறி இறங்கித் தேடி வாங்கியாந்தேன்." எழுந்து போய்ப் பொட்டலத்தைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். எங்கள் சரிவுக்குக் கீழே இருக்கிற தொழிற்சாலையின் பச்சைப் பொட்டலம். அண்ணி மூட்டை மூட்டையாக இலை கொண்டுபோய்க் கொட்டும் அதே தொழிற்சாலை.

பெஸ்னா தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அண்ணி அந்தப் பொட்டலத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளை அப்படி நான் பார்த்ததில்லை. ஊரையே வாயால் மேய்க்கிறவளுக்கு வாய் அடைத்துப்போயிருந்தது. எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. கடைசியில் பரிதாபம்தான் மிஞ்சியது. பையனின் வாழ்க்கையைத் தன் நாக்காலேயே கெடுத்துவிட்டோம் என்று அவள் உட்கார்ந்திருந்தாள். திடீரென்று பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு எழுந்து அடுப்படிக்கு நடந்தாள். அழைக்காத அடுப்படிக்கு! எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றப் போகிறாளே என்று நானும் பின்னாலேயே ஓடினேன்.

அடுப்படியில் பெஸ்னா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். தொட்டியருகே இன்னொரு இளம்பெண் தலை நிமிராமல் கிளாஸ்களை அலசிக்கொண்டிருந்தாள். மூத்த மகள் தெலால். அவள் வீட்டில் இருப்பதையே யாரும் எங்களுக்குச் சொல்லியிருக்கவில்லை.

"தப்பு என்னுது," என்றாள் அண்ணி. "தெரியாமப் பேசிட்டேன். ஒண்ணு மட்டும் சொல்லுங்க. இதை எப்படி வச்சீங்க?"

பெஸ்னா திரும்பினாள். கண் சிவந்திருந்தது. "எப்படி வைப்பாங்க? எங்க தேயிலை போட்ட உடனே நிறம் விடும். இது விடவே மாட்டேங்குது. வெளுத்துப்போய் நிக்குது. பொண்ணு கேக்க வந்தவங்க முன்னாடி மஞ்சத் தண்ணியையா வைக்க முடியும்? அதான் கெட்டிலை நேரா அடுப்புல வச்சு, நல்லாக் கொதிக்கக் கொதிக்க விட்டேன்."

"கொதிக்க விட்டீங்களா?" அண்ணி நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள். குழந்தை கிணற்றில் விழுந்தது என்று கேட்டவள் போல நின்றாள். "அல்லாவே! கொதிக்கவா!"

"எனக்கென்ன தெரியும்? நாங்க அதைக் குடிக்கிறதில்லையே!"

"நானும் உங்களதைக் குடிச்சதில்லை. குடிக்காமலே இத்தனை வருஷமாத் திட்டிக்கிட்டு இருக்கேன்," என்றாள் அண்ணி. பெஸ்னாவின் உதட்டோரம் ஏதோ அசைந்தது.

பிறகு இரண்டு பேரும் ஆளுக்கொரு கெட்டிலைப் பிடித்துக்கொண்டார்கள். அண்ணி அவள் முறைப்படி இலையை ஆவியில் வாட்டி, தீயைக் குறைத்துவிட்டுக் காவல் நின்றாள். பெஸ்னா அவர்கள் வீட்டுத் தேயிலையை ஒரு சிட்டிகை போட்டாள். தண்ணீர் பட்டதுமே நிறம் குபுகுபுவென்று இறங்கியது. அடுப்படி முழுக்க ஆரஞ்சுத் தோல் மாதிரி ஒரு வாசனை. கிளாஸில் ஊற்றி நீட்டினாள்.

அண்ணி அதை வாங்கிக் கொஞ்ச நேரம் சும்மா வைத்திருந்தாள். கொட்டகை, கறுத்துப்போன மூட்டை, ஊரறியச் செய்த சத்தியம் எல்லாம் அவள் மனதில் ஓடியிருக்கும். என்னைப் பார்த்து, "நீ பாக்கலை" என்றாள். "நான் பாக்கலை" என்றேன். வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தாள். "நிறத்தைக் குத்தம் சொல்ல முடியாது" என்றாள், ரொம்ப வருத்தத்தோடு. குடித்தாள். வாய்க்குள் உருட்டினாள். விழுங்கினாள்.

"சொல்லுங்க," என்றாள் பெஸ்னா.

"உண்மையைச் சொல்லட்டுமா?"

"இதுவரைக்கும் பொய்யா சொன்னீங்க?"

"எனக்குப் பிடிக்கலை. வாசனை, கல்யாண வீட்டுக்கு சென்ட் பூசிக்கிட்டு வந்த பொம்பளை மாதிரி நமக்கு முன்னாடியே வந்து உக்காந்துக்குது. நாக்கைப் பிடிச்சு இழுக்குது. நெஞ்சு படபடங்குது. ஆனா மோசம்னு சொன்னா எனக்கு வாய் வெந்துபோகும். மோசமில்லை. எனக்குத்தான் பிடிக்கலை. இன்னொரு கிளாஸ் ஊத்துங்க."

"பிடிக்கலைன்னீங்க?"

"என் பையன் மாமியார் வீட்டுக்கு வந்தா இதைத்தானே குடிப்பான். நானும் பழகிக்கணும்ல?"

பெஸ்னா ஊற்றினாள். அதற்குள் அண்ணியின் டீ தயாராகியிருந்தது. பெஸ்னா சர்க்கரையைப் பல்லில் கடித்துக்கொண்டு உறிஞ்சினாள். "தொண்டையை அறுக்கலை. சாதுவா இருக்கு," என்றாள். "ஆனா நனைஞ்ச வைக்கோல் வாசனை வருது. உடம்பு சரியில்லாதவங்களுக்குக் குடுக்கலாம்."

என் அண்ணியின் முகத்துக்கு நேராக, அவள் தோட்டத்து இலையை நோயாளிக் கஞ்சி என்று சொன்னவள் உலகத்திலேயே இவள் ஒருத்திதான். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அண்ணி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அடுப்படிச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

பெஸ்னா சிரிக்கவில்லை. கிளாஸைக் கீழே வைத்தாள். "அக்கா, இவ என் மூத்தவ," என்று தொட்டிப் பக்கம் கையைக் காட்டினாள். "இவளைக் கேட்டு வந்தவங்க அன்னைக்கு எங்க டீயை அப்படிப் புகழ்ந்தாங்க. கிளாஸ் கிளாஸாக் குடிச்சாங்க. சோறு, கம்பளம், திரைச்சீலை எல்லாத்தையும் புகழ்ந்தாங்க. நானும் மயங்கிக் குடுத்துட்டேன். அங்க போனப்புறம் இவ வச்ச டீயை, சிரிச்ச முகத்தோட வாங்கி, இவ திரும்பினதும் தொட்டியில கொட்டுவாளாம் மாமியார்காரி. என்ன தப்புன்னு ஒரு நாளும் சொல்ல மாட்டா. ஊரெல்லாம் போய்ச் சொல்லுவா. எதைச் செஞ்சாலும் அப்படித்தான். இவளை நாங்க திரும்பக் கூட்டிக்கிட்டு வந்தப்போ, இவளுக்குப் பேச்சே மறந்துபோச்சு. இது வேணுமா, அது வேணுமான்னு கேட்டா, எல்லாத்துக்கும் 'நல்லாருக்கு'ன்னு ஒரே பதில்."

தெலால் குழாயை மூடாமல் அப்படியே நின்றாள்.

"நீங்க கரண்டியைப் படுக்க வச்சதும் எனக்கு உடம்பெல்லாம் எரிஞ்சுது," என்றாள் பெஸ்னா. "உள்ள வந்து நின்னு யோசிச்சேன். இந்தப் பொம்பளை என் மூஞ்சிக்கு நேராச் சொல்லுது. என் சின்னவ வைக்கிற டீ நல்லாயில்லைன்னா அவகிட்டயே சொல்லுமே?"

"சொல்லுவேன்," என்றாள் அண்ணி. மூக்கை உறிஞ்சினாள். "பொய் சொல்ல மாட்டேன், தினம் சொல்லுவேன். ஆனா கொட்ட மாட்டேன் அக்கா. குடிச்சு முடிச்சுட்டுத்தான் சொல்லுவேன்."

பெஸ்னா முன்னறைப் பக்கம் திரும்பி, "ஏங்க! பொண்ணைக் குடுக்கலாம்னு சொல்லுங்க!" என்று கத்தினாள்.

முன்னறையில், "அவங்க இன்னும் கேக்கவே இல்லையே?" என்றார் ஹமித்.

என் அண்ணன் பதறியடித்து எழுந்திருப்பார் போல. நாற்காலி விழுந்த சத்தம் கேட்டது. "அல்லாவின் கட்டளைப்படி, நபியின் வாக்குப்படி, உங்க பொண்ணை..." என்று மூச்சுவிடாமல் அவர் ஒப்பிப்பதும், இல்யாஸும் ஸோஸானும் அடக்க முடியாமல் சிரிப்பதும் கேட்டன. கொடுத்துவிட்ட பெண்ணைக் கேட்ட முதல் ஆள் அவராகத்தான் இருப்பார்.

அண்ணி தன் கெட்டிலிலிருந்து ஒரு கிளாஸ் ஊற்றித் தெலாலிடம் நீட்டினாள். அந்தப் பெண் ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். ஒரு மடக்கு குடித்தாள். நாங்கள் மூன்று பேரும் அவள் வாயையே பார்த்தோம். அவள் அம்மாவைப் பார்த்தாள், கிளாஸைப் பார்த்தாள், பிறகு அண்ணியை நேராகப் பார்த்தாள்.

"எனக்குப் பிடிக்கலை," என்றாள்.

பெஸ்னா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அண்ணி அந்தப் பெண்ணை, கிளாஸும் கையுமாக, அப்படியே இழுத்து அணைத்துக்கொண்டாள். "என்ன பிடிக்கலை? சொல்லு கண்ணு," என்றாள். "இன்னும் சொல்லு."